புதன் பாக்கப் போன சொர்ணக்கிளி

ஒரு ஊர்ல ஒரு தோசைக்கடை இருந்துச்சாம். அந்தத் தோசைக்கடையில ஒரு அக்கா இருந்தாளாம். அவ பேரு சொர்ணக்கிளி. கால ஆட்டாத பூவு, ஆட்டுனா கதை சிந்திப்போகும். தண்ணி குடிச்சாச்சா? ஒண்ணுக்குப் போயாச்சா? அப்ப சரி. நடுவுல எந்திரிச்சே, பெரியம்மாவுக்குக் கெட்ட கோவம் வரும், இப்பவே சொல்லிட்டேன். நான் நிறுத்துற எடத்துல நீ "ம்" கொட்டணும். என்ன?

"ம்."

ஆங். அந்தச் சொர்ணக்கிளி இருக்காளே, காலையில இட்லி, சாயங்காலம் தோசை. இட்லிப்பான மூடியத் தெறந்தா புஸ்ஸ்ஸு. கல்லுல மாவ ஊத்துனா ச்சொய்ய்ங். நாள் முழுக்கக் குனிஞ்ச தலை நிமிர மாட்டா. அடக்க ஒடுக்கம்னு நெனச்சியா? அதெல்லாம் இல்ல, அடுப்பு கீழ இருக்கு! அப்படிக் குனிஞ்சே கெடந்தவளுக்கு என்ன ஆசை வந்துச்சு தெரியுமா? அண்ணாந்து பாக்குற ஆசை வந்துச்சு.

அந்த ஊர்ல அண்ணாந்து பாக்குற சங்கம்னு ஒண்ணு இருந்துச்சு. அந்தப் பேரு ஊர்க்காரங்க கேலிக்கு வச்சது. இவங்க ரோசமே இல்லாம, நல்லாருக்கேன்னு அதையே வச்சுக்கிட்டாங்க. சங்கத்துல மொத்தமே நாலு பேரு. ஒருத்தர் மருதையா, பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. வேலைய விட்டாரே ஒழிய விசில விடல, கழுத்துலயே தொங்கும். அப்புறம் ஆரோக்கியம்னு ஒரு பையன், மோட்டாருக்குக் காயில் கட்டுறவன், லோடு ஆட்டோ ஒண்ணு வச்சிருந்தான். பிளாஸ்டிக் குழாய்க்குள்ள கண்ணாடிய மாட்டி, வானத்தப் பாக்குற தொலைநோக்கி செஞ்சு குடுத்தது அவன்தான். அப்புறம் ஜமீலா டீச்சர், பள்ளிக்கூடத்துல கணக்குப் பாடம். நாலாவது ஆளு நம்ம சொர்ணக்கிளி.

புதன்கிழமை வந்தாப் போதும். ராத்திரி கடைய எடுத்து வச்சிட்டு ஓட்டமா ஓடுவா. நாலு பேருமா ஒரு வெட்டவெளியில பாய விரிச்சு, குழாய நிறுத்தி, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு வானத்தப் பாப்பாங்க. எதுக்குன்னா கேக்குற? எதுக்கும் இல்லடி. நீ பென்சில் துருவுன சுருளையெல்லாம் டப்பாவுல சேத்து வச்சிருக்கியே, அது எதுக்கு? ம்?  அதே மாதிரிதான், அவங்களுக்கு அது பிடிச்சிருந்துச்சு.

அந்தச் சங்கத்துல ஒரு வழக்கம் உண்டு. செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி, புதன்னு அஞ்சு கோளு வெறுங்கண்ணுக்கே தெரியும். அஞ்சையும் பாத்து முடிச்சவங்க கைய வீசிக்கிட்டு வரலாம். பாக்காதவங்க முக்காலி தூக்கணும். குழாய நிறுத்துறதுக்கு ஆரோக்கியம் பழைய கட்டில் கால வெட்டி வெல்டிங் வச்ச இரும்பு முக்காலி அது. கன்னுக்குட்டி கனம் இருக்கும். அத யாரு தூக்குவா?

"சொர்ணக்கிளி."

கெட்டிக்காரி. அவ நாலப் பாத்துட்டா, புதன மட்டும் பாக்கல. அந்தப் புதன் இருக்கே, அது சரியான கள்ளப்பய. சூரியன் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். காலையில வந்தா இட்லி அவியுற நேரம். சாயங்காலம் வந்தா தோசை ஊத்துற நேரம். பொழுது விழுந்ததும் மேக்க கொஞ்ச நேரம் எட்டிப் பாத்துட்டு, விறுவிறுன்னு எறங்கிப் போயிரும். இவ கடையச் சாத்திட்டு வர்றதுக்குள்ள அது போயே போயிருக்கும்.

மத்த மூணு பேரும் ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே பாத்துட்டாங்க. ஊருக்கு வெளிய மொட்டப்பாறைன்னு ஒரு பாறை, அது மேல ஏறிப் பாத்தாங்களாம். அதுல இருந்து ஒரே பீத்தல்தான். "மஞ்சமஞ்சேர்னு, குண்டா, ஆடாம அசையாம, நம்ம கெளம்புற வரைக்கும் நின்னு காட்சி குடுத்துச்சு தாயி!"ன்னு மருதையா கைய விரிச்சு விரிச்சுச் சொல்லுவாரு. சொர்ணக்கிளி முக்காலிய இடுப்புல இடுக்கிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே நடப்பா. வாய் சிரிக்கும், நெஞ்சுக்குள்ள ஏக்கம் பிடுங்கித் திங்கும்.

அப்போ ஒரு நாள் ஜமீலா டீச்சர் வந்து சொன்னாங்க. "சொர்ணம், இந்தப் புதன்கிழமை சாயங்காலம் வந்தா உண்டு. அடுத்த வாரம் அது சூரியன்கிட்ட ஒண்டிரும். அதுக்கப்புறம் மழை பிடிச்சிரும்."

சொர்ணக்கிளிக்கு மாமியா ஒருத்தி உண்டு, பேரு ஒச்சம்மா. புருசன் லாரிய எடுத்துக்கிட்டு வடக்க போனவன், வர நாளாகும். வீட்டுல இந்த மாமியாளும் மருமகளுந்தான். ஒச்சம்மா வாயத் தெறந்தா பக்கத்துத் தெரு வரைக்கும் கேக்கும். என்னைய மாதிரியா? அடி வாயாடி! நான் என்னைக்குடி கத்துனேன்? சும்மா படு.

சொர்ணக்கிளி மெதுவா மாமியாகிட்டப் போனா. "அத்தை, ஒரே ஒரு சாயங்காலம் நீங்க கடையப் பாத்துக்கங்களேன்."

"எதுக்கு?"

"புதன் பாக்கப் போகணும் அத்தை."

"அடி ஆத்தீ! ராத்திரி போறது பத்தாதுன்னு இப்ப யாவார நேரத்துலயுமா? வானத்துல யாருடி உனக்குச் சீர் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா?"

இவ பக்கத்துல உக்காந்தா. மாமியா கால எடுத்து மடியில வச்சு, முட்டிக்குத் தைலம் தேய்ச்சா. சரக்... சரக்... சரக். தேய்ச்சுக்கிட்டே இருந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு ஒச்சம்மா ஒரு பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னா. "போய்த் தொலை. ஆனா ஒண்ணு. அன்னைக்கு அதப் பாக்காம வந்தேன்னு வையி, அதோட சரி. புதன்கிழமையும் கெடையாது, சங்கமும் கெடையாது. அடுப்பப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். சம்மதமா?"

சொர்ணக்கிளி தைலம் தேய்க்கிறத நிறுத்திட்டா. அந்தப் புதன்கிழமைதான் வாரம் பூராவும் அவள ஓட வைக்கிறது. அது போச்சுன்னா? ஆனாலும் "சம்மதம் அத்தை"ன்னு சொல்லிட்டா. கேட்டுக்கிட்டு இருக்கியா?

"ம்..."

அப்புறம் புதன்கிழமை வந்துச்சு. பொழுது சாய முந்தியே ஆரோக்கியம் லோடு ஆட்டோவக் கொண்டாந்து கடை வாசல்ல நிறுத்திட்டான். டுபுடுபுடுபுடுபு! குழாயப் பழைய மெத்தையில சுத்திப் படுக்க வச்சாச்சு. முக்காலிய சொர்ணக்கிளி தூக்கி உள்ள போட்டா, டமால்! மருதையா பின்னாடி தொத்திக்கிட்டு விசில ஊதுனாரு. ப்பீஈஈ! "போலாம் ரைட்!"

சந்தோசத்துல சொர்ணக்கிளிக்குக் காலு தரையில நிக்கல. வெயில் இருக்குற நேரத்துல அவ ஊரையே பாத்ததில்லையே! "அய்ய, அந்த வீட்டுக்குப் பச்சப் பெயிண்டா அடிச்சிருக்காங்க? அந்த வேப்பமரம் இம்புட்டுப் பெருசா?"ன்னு வழியெல்லாம் கத்திக்கிட்டே வந்தா. தெருவுல வெளையாண்ட புள்ளைங்க ஆட்டோ பின்னாடியே ஓடியாந்துச்சு.

"பாறைக்கே போயிரலாம்"னாரு மருதையா. "அது எதுக்கு அம்புட்டுத் தூரம்? பள்ளிக்கூட மாடி பக்கத்துல இருக்கு, சாவி என் கையில இருக்கு"ன்னாங்க டீச்சர். டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எல்லாரும் மாடிக்குப் போனாங்க. சொர்ணக்கிளி முக்காலியப் படிப்படியா இழுத்தா. டங்... டங்... டங்... மேல போயி மூச்சு வாங்க நிமிந்து மேக்க பாத்தா, என்ன தெரிஞ்சிச்சுங்குற? தென்னந்தோப்பு! செவுரு வச்ச மாதிரி மறைச்சுக்கிட்டு நிக்கிது.

"போன தடவ பாத்தப்ப மரமெல்லாம் குட்டையா இருந்துச்சே!"ன்னாங்க டீச்சர்.

"போன தடவன்னா எப்ப டீச்சர்?"

"நான் வேலைக்குச் சேந்த புதுசுல."

அவங்க வேலைக்குச் சேந்து தலையே நரைச்சுப்போச்சு! தென்னை மட்டும் அப்படியேவா நிக்கும்? ஆரோக்கியம் சிரிச்சான் பாரு, குழாயக் கீழ போடப் பாத்தான். மறுபடியும் முக்காலி. டங்... டங்... டங்...

அப்புறம் கம்மாக்கரைக்குப் போனாங்க. டுபுடுபுடுபு! அங்க மேக்க மரம் மட்டை ஒண்ணுமில்ல, பளிச்சுன்னு தெறந்து கெடந்துச்சு. தண்ணி மேல வெயில் மினுமினுன்னு மின்னுச்சு. நாரையெல்லாம் கூட்டுக்குப் போகுது. "ஆகா, இதுதாண்டா எடம்!"னு மருதையா துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு. முக்காலிய ஊனியாச்சு, குழாய மாட்டியாச்சு. சூரியன் கீழ எறங்கிக்கிட்டே இருக்கு. அப்போ பாத்து, அக்கரையில ஒருத்தன் கரும்பு வெட்டுன காட்டுல கெடந்த காஞ்ச சோகைக்குத் தீய வச்சான்!

படபடபடபடன்னு எரியுது. பொகைன்னா பொகை, அப்படியொரு பொகை. இந்தச் சோகை எரிக்கிறவங்களக் கண்டாலே எனக்கு ஆகாது, துணியெல்லாம் கரியாக்கி விட்டுருவாங்க. அம்புட்டுப் பொகையும் நேரா இவங்க மூஞ்சிக்கு வந்துச்சு. லொக்கு லொக்கு லொக்கு! டீச்சர் முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டாங்க. மேக்க வானமே காணாமப் போச்சு. சூரியனும் அந்தப் பொகைக்குள்ளயே விழுந்து மறைஞ்சிருச்சு.

சொர்ணக்கிளி கண்ணக் கசக்குனா. பொகையாலயும் தண்ணி வந்துச்சு, அழுகையாலயும் வந்துச்சு. அதப் பாத்த ஆரோக்கியத்துக்குத் தாங்கல. "அக்கா, பாத்தேன்னு சொல்லிருக்கா. ஒச்சம்மா அத்தை சாட்சியா கேக்கப் போகுது? நாங்க மூணு பேரும் ஆமாங்குறோம்."

"பாக்காதத எப்படிடா பாத்தேன்னு சொல்லுவேன்?"

"புதன்கிழமை போயிருமேக்கா."

"போனாப் போகட்டும். பொய் சொல்லிட்டு வந்து உங்களோட பாயில உக்காந்தா, எனக்கு வானத்தப் பாக்கவே பிடிக்காதுடா"ன்னா. சொல்லிட்டு முக்காலியத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு அவளே முன்னாடி நடந்தா. "வாங்க, மொட்டப்பாறைக்கு! நேரமாகுது, வெரசா வாங்க!"

"ம்... ம்."

ரெண்டு "ம்" எதுக்கு? ஒண்ணு போதும். டுபுடுபுடுபுடுபுன்னு ஆட்டோ பறந்துச்சு. பாறைக்கு ஏறுற எடத்துல மேடு. டுபு... டுபு... டு... பு... புஸ். நின்னே போச்சு. "எறங்கு, எறங்கு!"ன்னு எல்லாரும் எறங்கி, ஆளுக்கொண்ணாத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. ஆரோக்கியம் குழாயத் தூக்குனான், டீச்சர் பாயத் தூக்குனாங்க, மருதையா விசிலத் தூக்குனாரு. சொர்ணக்கிளி முக்காலியோட கருவேலமுள்ள மிதிச்சிட்டு "ஆ!"ன்னா, ஆனா நிக்கல. இருட்டுல கண்ணு கூசாம இருக்கச் செவப்புக் காயிதம் ஒட்டுன டார்ச்ச டீச்சர் அடிச்சுக் காட்ட, தஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டுப் பாறை உச்சிக்கு வந்துட்டாங்க.

மேக்க செவப்பு வடிஞ்சு, மசமசன்னு இருட்டிக்கிட்டு வருது. அங்கிட்டுத் தூரத்துல எதுத்தாப்புல ஒரு கரடு இருக்கு, சின்னக் குன்று, அதுகூட மங்கலாப் போச்சு. அப்போ மருதையா கத்துனாரு பாரு!

"அந்தா! அந்தா நிக்கிது தாயி! அதே எடம், அதே புதன்!"

"அதேதான்!"னு ஆரோக்கியம் குதிச்சான். "மாஷா அல்லா, அதேதான்!"னு டீச்சர் கையத் தட்டுனாங்க. மஞ்சமஞ்சேர்னு, குண்டா, ஆடாம அசையாம ஒரு வெளிச்சம் நின்னுச்சு. சொர்ணக்கிளி பாத்தா. கும்பிடக் கைய எடுத்தவ, அப்படியே நிறுத்திட்டா. "அண்ணே, இது என்னண்ணே, ஒசக்கவும் போகல, கீழயும் எறங்கல?"

"அதான் தாயி அதோட கம்பீரம்!"

"எதுக்கும் குழாய்ல ஒரு தடவ பாத்துர்றேன்."

"அன்னைக்கு நாங்க குழாயக்கூட எடுக்கல, கண்ணுலயே பாத்துட்டோம்"னு மருதையா மீசையத் தடவுனாரு.

முக்காலிய நிறுத்துனா. குழாய மாட்டுனான் ஆரோக்கியம். அந்தக் குழாய்ல பாத்தா எல்லாமே தலைகீழாத்தான் தெரியும், வானத்துக்கு அது ஒண்ணும் பெருசில்லேன்னு அப்படியே விட்டுட்டாங்க. சொர்ணக்கிளி ஒத்தக் கண்ண மூடி, இன்னொரு கண்ண வச்சுப் பாத்தா. பாத்தா... பாத்துக்கிட்டே இருந்தா.

"என்ன தாயி தெரியுது?"

"அண்ணே... புதன்ல பூச்சி பறக்குதுண்ணே."

"என்னாது?"

"பூச்சிண்ணே. ஈசல் மாதிரி. அய்யய்யோ, அண்ணே!"

"என்னம்மா, என்ன?"

"புதன்ல ஒரு ஆளு தலைகீழா உக்காந்து டீ குடிக்கிறான்!"

சிரிக்காதடி, தூக்கம் கலைஞ்சிரும். சரி, சிரிச்சுக்கோ, நானும் சிரிச்சுக்கிறேன். அப்புறம் என்ன ஆச்சுன்னா, சொர்ணக்கிளி கண்ண எடுக்காமச் சொல்லிக்கிட்டே வர்றா. "பக்கத்துல கம்பி கம்பியா டவர் ஒண்ணு நிக்கிது. அவரு வாட்ச்மேன் மாதிரி இருக்காரு, பனியன் போட்டிருக்காரு. ஆத்தாடி, பூச்சி ஒண்ணு டீக்குள்ள விழுந்திருச்சு! தூக்கி ஊத்துறாரு, டீ மேல பாத்துப் போகுது! கோவமா எந்திரிக்கிறாரு... சுவிச்சுக்கிட்டப் போறாரு..."

டக்!

புதன் அணைஞ்சு போச்சு.

 ஆரோக்கியம் மெதுவாக் கேட்டான். "மருதையாண்ணே, கோளு அணையுமாண்ணே?"

மருதையா விசிலத் தடவுனாரு. "அன்னைக்கு நாங்க பாத்தது வேற"ன்னாரு. "அதே எடம்னு நீங்கதான்ணே சொன்னீங்க"ன்னா சொர்ணக்கிளி. டீச்சர் மொகத்தை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டாங்க. "ரெண்டு வருசமா அந்தக் கரட்டு டவர்ல எரியுற பல்பப் பாத்துட்டா இந்தப் பீத்து பீத்துனோம்? எத்தனை புள்ளைங்ககிட்டச் சொல்லியிருப்பேன்!"

ஆரோக்கியம் பாவம், நேரா வந்து அவ கையப் பிடிச்சுக்கிட்டான். "அக்கா, நாங்களும் பாக்கல. பாக்காதவங்கதான் உன்னைய முக்காலி தூக்க வச்சோம். மன்னிச்சிருக்கா."

சொர்ணக்கிளிக்குக் கோவம் வந்திருக்கணும்ல? எனக்குன்னா வந்திருக்கும், அந்த மருதையா விசிலப் பிடுங்கி வீசியிருப்பேன். அவளுக்கு வரல. சிரிப்பு வந்திருச்சு. குபுக்குன்னு வந்து, வயித்தப் பிடிச்சுக்கிட்டுப் பாறையிலயே உக்காந்துட்டா. அவ சிரிக்க டீச்சரும் சிரிக்க, கடைசியில மருதையாவும் தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சு, கண்ணத் தொடைச்சுக்கிட்டு அவ நிமிந்தா. நிமிந்தவ அப்படியே நின்னுட்டா.

அந்த மஞ்ச வெளிச்சம் கண்ணக் கூச வச்சுக்கிட்டு இருந்துச்சுல்ல? அது போனதும், அந்த எடத்துக்கு வலது கைப்பக்கம், கொஞ்சம் ஒசக்க, மீதிச் செவப்பு இருக்குற வானத்துல, பொடிசா ஒண்ணு. துளியூண்டு. மினுக்கு... மினுக்குன்னு.

 அவ அந்தப் பக்கம் கைய நீட்டுனா. "ஆரோக்கியம், குழாயத் திருப்புடா"ன்னா.  கண்ண வச்சா. பல்பு இல்ல. டவர் இல்ல. டீ குடிக்கிற ஆளு இல்ல. ஒடைச்ச பருப்பு மாதிரி, பாதியா, பொடிசா ஒரு வெளிச்சம் மட்டும் ததும்பிக்கிட்டு இருந்துச்சு. பாக்கப் பாக்க அது மெதுவா நகந்து, குழாய் ஓரத்துக்குப் போயிருச்சு.

"டீச்சர்! இது எறங்குது டீச்சர்! வந்து பாருங்க, எறங்குது!"

டீச்சர் பாத்தாங்க. பாத்துட்டு, "இதுதான்! இதுதான் சொர்ணம், இதுதான்!"னு அவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆரோக்கியம் பாத்தான், பாத்துட்டுப் பாறையச் சுத்தி ஓடுனான். மருதையா பாத்தாரு. ரொம்ப நேரம் குழாய விட்டுக் கண்ண எடுக்கல. எடுத்ததும் விசில வாயில வச்சு ஊதுனாரு பாரு, ப்பீஈஈ ப்பீஈஈ ப்பீஈஈன்னு, அந்தக் கரட்டுல இருந்த வாட்ச்மேன் பயந்துபோயி மறுபடியும் லைட்டப் போட்டுட்டாரு. நாலு பேரும் கையக் கோத்துக்கிட்டு, முள்ளு குத்துன காலோட, கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆடுனாங்க. பாத்துட்டா பூவு. சொர்ணக்கிளி பாத்துட்டா.

"ம்..."

கண்ணு சொருகுது உனக்கு. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, கேட்டுட்டுத் தூங்கு. அப்போ அவளுக்கு என்ன தோணுச்சோ தெரியல, ஆட்டத்த விட்டுட்டுப் போன எடுத்து மாமியாவக் கூப்பிட்டா.

"என்னடி? இங்க கூட்டம் மொச்சுக்கிட்டு நிக்கிது, இப்பத்தான் போன் பண்ணுவியா?"

"அத்தை, அடுப்ப அணைங்க."

"என்னாது?"

"அடுப்ப அணைச்சிட்டு, அரிசி மில்லு செவுத்தத் தாண்டி, பஸ்ஸு திரும்புற எடத்துக்கு வாங்க. அங்க மேக்க தெறந்து கெடக்கும். சீக்கிரம் அத்தை, எறங்கிக்கிட்டு இருக்கு."

"எனக்கு முட்டி வலி உயிரு போகுது, இவளுக்கு வெளையாட்டு!" வஞ்சா. வஞ்சுக்கிட்டே செருப்ப மாட்டுறது கேட்டுச்சு. சரட்டு... சரட்டு... சரட்டு. கடையில சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க சும்மா இருப்பாங்களா? "என்ன பாட்டி, எங்க போறீக?"ன்னு தட்டோட எந்திரிச்சுப் பின்னாடியே வந்துட்டாங்க. ஒருத்தன் கையில சட்னி வழியுது. ஒருத்தன் பாதித் தோசைய வாயில வச்சுக்கிட்டே வர்றான். ஒச்சம்மா முன்னாடி, அம்புட்டுப் பேரும் பின்னாடி.

"எங்கடி? ஒண்ணயும் காணோம்."

"நேரா மேக்க அத்தை. அந்தப் பெட்டிக்கடைக்கு மேல. கொஞ்சம் ஒசக்க."

"ஒண்ணும் இல்ல."

"இருக்கும் அத்தை. நல்லாப் பாருங்க."

அப்புறம் போன்ல சத்தமே இல்ல. தெருவுல யாரோ "ஏய், அந்தாருக்குடா"ங்குறது மட்டும் கேட்டுச்சு. சொர்ணக்கிளி போனக் காதுல வச்சு அழுத்திக்கிட்டு நிக்கிறா.  ஒச்சம்மா இம்புட்டு நேரம் வாய மூடி இருந்து அவ பாத்ததே இல்ல.

கடைசியில ஒச்சம்மா பேசுனா. மெதுவாப் பேசுனா.

"ஏண்டி, அந்தப் பொடிசா? இதுக்கா அம்புட்டுத் தூரம் போன?"

"ஆமா அத்தை."

"போனது சரிதாண்டி"ன்னா ஒச்சம்மா. "அது எறங்கி முடிக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டு வா. நானும் இங்கதான் நிக்கிறேன்."

சொர்ணக்கிளிக்குக் கண்ணு பொலபொலன்னு கொட்டிருச்சு. சந்தோசத்துலதான். பாறை மேல அவளும், பஸ்ஸு திரும்புற எடத்துல மாமியாளும், போன வைக்காம, ஒண்ணும் பேசாம, அது கீழ போயி மறையுற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாங்க.

அம்புட்டுத்தான் பூவு. புதன் எறங்கிருச்சு, கதையும் எறங்கிருச்சு. பூவு? "ம்" கொட்டு பாப்போம்... ஏய்... கொட்டலையா? அடி கழுதை, எந்த எடத்துல நீ தூங்கிப்போனேன்னு தெரியலையே. சரி, தூங்கு தங்கம். தூங்கு.